சீமைக் குல்லா

ஆயில்மேன் ஸ்டோரில் வேலை பார்த்தவனுக்குப் பாதி நாள், "இங்கே எண்ணெய் கிடையாது" என்று சொல்வதிலேயே போய்விடும். வின்னியம்மாவை நான் கடைசியாக உயிரோடு பார்த்த காலையிலும் ஒருவரிடம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். கையில் எண்ணெய்த் தூக்கோடு வந்த ஒரு பெரியவர். வெளியே ஆயில் என்று எழுதி மாட்டிவிட்டு உள்ளே இல்லை என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டார். எனக்கும் தெரியாது. டின்னில் அடைத்த ஜாம், பிஸ்கட், ஓட்ஸ், புட்டியில் போட்ட சாஸ் இதெல்லாம் விற்கிற கடைக்கு வெள்ளைக்காரர் காலத்தில் அப்படி ஒரு பெயர். சேலம் கடைவீதியில் எங்கள் முதலாளியும் அதையே எழுதி மாட்டிவிட்டார். ஏன் அந்தப் பெயர் என்று கேட்கலாம் என்றால், வைத்தவர்கள் கப்பலேறிப் போய்விட்டார்கள்.

வின்னியம்மா தன் நாற்காலியில் உட்கார்ந்து ஜட்கா வண்டிக்காகக் காத்திருந்தார். வெள்ளைக்காரப் பெண்மணி, எழுபதை நெருங்கியவர். மார்கழிக்கு விற்பதற்காகத் தன் கையால் பின்னிய கம்பளிக் குல்லாக்களை என்னிடம் கொடுக்க வந்திருந்தார். பெரியவரைப் பார்த்து, "எண்ணெய் இல்லீங்க சாமி, பேருல மட்டுந்தான்" என்றார். பெரியவர் எண்ணெயை மறந்து அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். வண்டி வந்தது. ஏறி உட்கார்ந்து, சேலையைச் சரிசெய்வதுபோல் கவுனைச் சரிசெய்துகொண்டு, என்னைப் பார்த்து, "வாரேன் சவரி" என்றார்.

நம் பக்கத்தில் போகிறவர்கள் எல்லோரும் சொல்வதுதான். ஆனால் வின்னியம்மா சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்பதில் எங்கள் கடையில் பல வருடமாகத் தீராத குழப்பம் இருந்தது. அதை முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

சீமையில் சர்க்கரை இல்லை

வின்னியம்மாவின் அப்பா ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்து மேனேஜர். வின்னியம்மா பிறந்தது, படித்தது, அப்பாவுக்கு வீடு பார்த்தது எல்லாம் மலைமேலேதான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா இறந்து தோட்டமும் கைமாறிய பிறகு, மலையடிவாரத்தில் கொண்டப்பநாயக்கன்பட்டிக்கு இறங்கி வந்து வாடகைக்கு ஒரு வீடு பிடித்தார். அவருடைய தங்கை மட்டும் சின்ன வயதில் படிக்கப்போய் இங்கிலாந்திலேயே தங்கிவிட்டார்.

நான் கடையில் சேர்ந்த புதிதில் அந்தத் தங்கைக்கு இங்கிருந்து பார்சல் போகும். சர்க்கரை, டீத்தூள், டின் வெண்ணெய். நான்தான் காடாத் துணியில் வைத்துத் தைத்து அரக்கு வைப்பேன். உலகச் சண்டை முடிந்து எத்தனையோ வருடம் ஆகியும் அங்கே எல்லாவற்றுக்கும் ரேஷன். குழந்தை மிட்டாய் வாங்குவதற்குக்கூடக் கூப்பன் வேண்டும். நீங்களும் ரேஷன் கடை வரிசையில் கால் கடுக்க நின்றவர்கள்தானே, இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. எனக்குப் புரியாதது வேறு. மிட்டாய் டின் அங்கிருந்து இங்கே வந்தது, சர்க்கரை இங்கிருந்து அங்கே போனது.

ஒரு நாள், டாக்டர் ஓட்ஸ் கஞ்சி கொடுக்கச் சொன்னார் என்று நாமக்கல் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். நான் பார்சல் தைப்பதைப் பார்த்துக்கொண்டே நின்று, இது எங்கே போகிறது, உள்ளே என்ன என்று விசாரித்தார். சொன்னேன். அவர் திருப்பிக் கேட்ட கேள்வி எனக்கு உடனே விளங்கவில்லை. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவன் நான். அவர் எந்த ஆண்டவனைச் சொல்கிறார் என்று பிடிபடக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "ஏனுங்க, நம்மளை ஆண்டவன் ஊட்டுலயே சக்கரை இல்லீங்களா?"

பெட்டிக்குள் வந்த ஊர்

பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன் நான். எனக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவை மரப்பெட்டிகள். கப்பலில் வரும் புட்டிகள் உடையாமலிருக்க அங்கத்திய பழைய பத்திரிகைகளைக் கசக்கித் திணித்திருப்பார்கள். அவற்றைக் கையால் நீவி விரித்து, பழைய அகராதி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிப்பேன். ஒரு சமாசாரத்தில் பாதி இருக்கும். மீதி வேறு புட்டியைச் சுற்றிக்கொண்டு வேறு கடைக்குப் போயிருக்கும். ஆகவே எனக்குத் தெரிந்த இங்கிலாந்து முழுக்க முழுக்கக் கிழிந்த இங்கிலாந்து.

வின்னியம்மாவுக்கும் அவ்வளவுதான் தெரியும். அவர் அதுவரை கப்பலே ஏறியதில்லை. தங்கையோ, அங்கே தனியாக உட்கார்ந்து என்ன செய்கிறாய், வீட்டுக்கு வந்துவிடு என்று கடிதத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். வீடு என்றால் இங்கிலாந்து. போவதா, இருப்பதா என்பதுதான் வின்னியம்மாவுக்கு ஓயாத யோசனை. வயதான காலத்தில் எங்கே இருப்பது என்ற கேள்வி. தப்பாக முடிவெடுத்துவிட்டால் மாற்றிக்கொள்ள ஆயுள் போதாது. அதனால் கடைக்கு வந்தவுடன் நாற்காலியில் உட்கார்ந்து, "சவரி, புதுசா என்ன வந்திருக்கு?" என்பார். அவர் கேட்பது சாமானை அல்ல, கசங்கிய காகிதத்தை.

நான் படித்துச் சொல்வேன். அங்கே விடியற்காலையில் பாலைப் புட்டியில் அடைத்து வாசற்படியில் வைத்துவிட்டுப் போவார்களாம். யாரும் எடுக்கமாட்டார்களாம். சின்னக் குருவிகள் மட்டும் மூடியைக் கொத்திப் பாலாடையைக் குடிக்குமாம். கேட்டுக்கொண்டிருந்த முதலாளி, "பூனையே இல்லாத ஊரா?" என்றார். ஒரு பெட்டியில் காசு போட்டால்தான் அடுப்புக்கு காஸ் வருமாம். முதலாளி அது உண்டியல் என்றே கடைசிவரை நம்பினார். திங்கட்கிழமை வந்தால் தெருத் தெருவாக எல்லா வீட்டிலும் துணி துவைப்பார்களாம். குளியலறை இல்லாத வீடுகளில் வாரத்துக்கு ஒரு நாள் கணப்புக்கு முன்னால் தகரத் தொட்டியைப் போட்டு, ஒரே வெந்நீரில் ஒருவர் பின் ஒருவராக வீடே குளிக்குமாம்.

வின்னியம்மா முகம் சுருங்கிவிட்டது. "ஒரே தண்ணியா? கடைசியில யார் குளிப்பாங்கன்னு போட்டிருக்கா?" என்று கேட்டார். அந்த இடம் கிழிந்திருக்கிறது என்றேன். முதலாளி திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர், தினம் இரண்டு வேளை கிணற்றில் விழுந்து குளித்து வளர்ந்தவர். மேஜையை ஒரு தட்டுத் தட்டினார். "வாரத்துக்கு ஒருக்காக் குளிச்சவனா நம்மளை எட்டி நில்லுன்னான்?"

டீக்கு மீன்

பள்ளிபாளையத்துப் பக்கம் ஒரு மில்லில் புது மிஷின் பூட்ட இங்கிலாந்திலிருந்து ஒரு ஃபிட்டர் வந்திருந்தார். சிவந்த கை, சட்டையெல்லாம் கிரீஸ். யாரோ எங்கள் கடையைச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். உள்ளே வந்து என்னமோ சொன்னார். அதில் டீ என்ற ஒரு சொல் மட்டும் என் காதில் விழுந்தது. டீத்தூள் பொட்டலத்தை எடுத்து வைத்தேன். தலையை ஆட்டினார். இன்னும் உயர்ந்த தூளை எடுத்து வைத்தேன். மறுபடி ஆட்டினார். அன்று வின்னியம்மா இருந்தது நல்லதாய்ப் போயிற்று என்று அவரைப் பார்த்தேன். அவர் எழுந்து வந்து, அழகான இங்கிலீஷில் என்ன வேண்டும் என்று கேட்டார். ஃபிட்டர் மறுபடி சொன்னார். வின்னியம்மா நிதானமாக யோசித்து, அலமாரியில் காட்சிக்கு வைத்திருந்த பீங்கான் டீப்பானையை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

ஃபிட்டர் நொந்துபோய் மேஜையைச் சுற்றி உள்ளே வந்து, தானே ஒரு மீன் டின்னை எடுத்து எங்களுக்குக் காட்டி, "டீ" என்றார். "மீனைப் போட்டா டீ வெப்பாங்க?" என்று முதலாளி கலங்கிப்போனார். அந்த ஆளின் ஊரில் சாயங்காலச் சாப்பாட்டுக்குப் பெயரே டீதான் என்பது பிறகு அவர் கை ஜாடை காட்டிய பின்தான் தெரிந்தது. போகும்போது வின்னியம்மாவைப் பார்த்து, நீங்கள் எந்த ஊர் என்று கேட்டார். ஏற்காடு என்றார் வின்னியம்மா. அவர் கொஞ்சம் யோசித்து, அது ஸ்காட்லாந்திலா என்றார். அவர் போனதும் வின்னியம்மா டீப்பானையைத் திரும்ப அலமாரியில் வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டார். "சவரி, அவர் பேசினது இங்கிலீஷா?"

காது ஓட்டை

அதற்குப் பிறகு வின்னியம்மா பயந்துவிட்டார் என்று நினைக்கிறேன். போவதாக இருந்தால் அந்த ஊர்ப் பழக்கமெல்லாம் இப்போதே பழகிக்கொள்ள வேண்டும் என்று ஆரம்பித்தார். ஒரு கசங்கிய பக்கத்தில், டீப்பானைக்குப் போடும் கம்பளிச் சட்டை பின்னும் முறை இருந்தது. அங்கத்திய குளிரில் டீ ஆறாமலிருக்கப் பானைக்கு மேலே கவிழ்த்துவிடுவார்கள். பானையின் மூக்கு வெளியே வர ஒரு ஓட்டை, கைப்பிடிக்கு ஒரு ஓட்டை, உச்சியில் ஒரு கம்பளிக் குஞ்சம். அதைப் பார்த்து நாலைந்து பின்னிக் கொண்டுவந்தார். நானும் கயிற்றில் வரிசையாக மாட்டினேன். சேலத்தில் யார் வீட்டில் டீப்பானை இருக்கிறது? மாதக்கணக்கில் தொங்கின.

மார்கழி பிறந்தது. ராசிபுரத்திலிருந்து மாட்டுவண்டியில் பாரம் ஏற்றி வரும் ஒருவர், பெயர் செங்கோடன், முதலாளியைப் பார்க்க வந்தார். ஒன்றைக் கயிற்றிலிருந்து உருவித் தலையில் மாட்டி, இரண்டு காதையும் இரண்டு ஓட்டை வழியாக வெளியே இழுத்துவிட்டுக்கொண்டு, பிஸ்கட் அலமாரிக் கண்ணாடியில் பார்த்தார். "மத்த குல்லாயெல்லாம் காதை அடைச்சிருதுங்க. பின்னால லாரி வாரது கேக்கறதில்லீங்க. இது யாரோ வண்டி ஓட்டறவன் ரோசனை பண்ணிப் பண்ணுனதுங்க" என்றார். நான் விளக்குவதற்குள் கிளம்பிவிட்டார். அடுத்த சந்தைக்குள் மீதியும் விற்றுப்போயிற்று. வாங்கியவர்கள் எல்லோரும் வண்டிக்காரர்கள்.

பிறகு ஒரு நாள் செங்கோடன் குறை சொல்ல வந்தார். நாற்காலியில் வின்னியம்மா இருந்தார். தான் பின்னிய டீப்பானைச் சட்டை, குஞ்சம் ஆட, மீசை வைத்த முகத்தோடு உள்ளே வருவதைப் பார்த்தார். முதலில் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் சிரித்தார் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வழியச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. செங்கோடன் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு ஓட்டை பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் இருக்கிறது, ஒரு காதில் மட்டும் பனி இறங்குகிறது என்று முறையிட்டார். வின்னியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்னிடம் டேப் வாங்கி அவர் தலையைச் சுற்றி அளக்க ஆரம்பித்தார். செங்கோடன் ஆடாமல் நின்று பணிவாகச் சொன்னார். "என்ற காது ரெண்டும் ஒரே அளவுதானுங்கம்மா."

போறேன், வாரேன்

வின்னியம்மா கடையை விட்டுக் கிளம்பும்போதெல்லாம், "போறேன்" என்பார். ஏற்காட்டு ஆயாக்களிடம் கற்ற தமிழ் அவருக்கு நன்றாகவே வரும். ஆனால் விடைபெறுவது மட்டும் இங்கிலீஷில் நினைத்துத் தமிழில் சொல்வார். முதலாளிக்கு அதைக் கேட்டால் நெஞ்சு திக்கென்று இருக்கும். "போறேங்கக் கூடாதுங்கம்மா. வாரேன்னு சொல்லோணும்" என்று ஒவ்வொரு தடவையும் வாசல்வரை ஓடிப்போய்த் திருத்துவார். வின்னியம்மா விடமாட்டார். "நான் போகத்தானே போறேன், முதலாளி? வாரேன்னு சொன்னா பொய்யாகுமே?" என்பார். "செத்துப்போறவங்ககூட அப்பிடிச் சொல்றதில்லீங்க" என்பார் முதலாளி. இருவர் சொல்வதும் சரியாகத்தான் எனக்குப் பட்டது.

ஒரு கோடையில், தங்கைக்கு உடம்பு சரியில்லை என்று தகவல் வந்தது. அதோடு வின்னியம்மாவின் யோசனை முடிந்தது. வீட்டை ஒப்படைத்துவிட்டார். தட்டுமுட்டுச் சாமான்களைக் கொடுத்துவிட்டார். கிளம்பும் நாளில் கடைக்கு வந்து எங்கள் இருவர் கையையும் பிடித்துக் குலுக்கினார். வாசற்படியில் நின்றார். வழக்கமாகத் திருத்துவதற்கு எழும் முதலாளி அன்றைக்கு எழவில்லை, தலையைக் குனிந்துகொண்டிருந்தார். வின்னியம்மா திரும்பிப் பார்த்து, "வாரேன்" என்றார்.

வண்டி மறைந்ததும் முதலாளி அந்த நாற்காலியைத் தூக்கி உள்ளே பத்திரமாக வைத்தார். யாரையும் அதில் உட்கார விடவில்லை. அது நம் வழக்கத்துக்குச் சொன்னதுதானே என்றேன். "அது நமக்கு, சவரி. அந்தம்மா வாரேன்னா வாரேன்தான். ரெண்டு அர்த்தம் வெச்சுப் பேசறதெல்லாம் அவங்களுக்குத் தெரியாது" என்றார். அன்று சாயங்காலம் அம்மாபேட்டையில் எங்கள் வீட்டில், என் மனைவி ஆரோக்கியத்திடம் இதைச் சொன்னேன். தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றிக்கொண்டிருந்தவள் ராட்டையை நிறுத்திவிட்டு யோசித்தாள். "தமிழ்லதான் சொன்னாங்க, சரி. எந்த பாஷையில நெனச்சுச் சொன்னாங்கன்னு நீங்க கேட்டிருக்கலாமில்ல?"

நல்ல இங்கிலீஷ்

இரண்டு மார்கழி போயிற்று. செங்கோடன் வரும்போதெல்லாம் குல்லா வந்ததா என்று கேட்பார். பின்னுகிறவர் சீமைக்குப் போய்விட்டார் என்றால், "எப்ப வாராங்க?" என்பார். முதலாளி என்னை முந்திக்கொண்டு, "வந்துருவாங்க" என்பார்.

ஒரு நாள் உச்சி வெயிலில் ஜட்கா ஒன்று கடை முன்னால் நின்றது. வின்னியம்மா இறங்கினார். இளைத்திருந்தார். உள்ளே வந்து நாற்காலி இருந்த இடத்தைப் பார்த்தார். முதலாளி உள்ளே போய் அதைத் தூக்கிவந்து, தன் துண்டாலேயே துடைத்துப் போட்டார். என்னைப் பார்த்து ஒரு பார்வை பார்த்தார். அதற்கு அர்த்தம் எனக்குத் தெரியும்.

தங்கைக்குக் குணமாகிவிட்டதாம். பால் புட்டி நிஜம், குருவியும் நிஜம் என்றார். காஸ் அடுப்பு கிறிஸ்துமஸ் சமையலின் நடுவிலேயே காசு தீர்ந்து அணைந்ததாம். தொட்டியும் நிஜம், விருந்தாளி என்று தன்னை முதலில் குளிக்கவிட்டார்களாம். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை போலிருக்கிறது. கடைசிவரை விருந்தாளிதான். ஏற்காட்டுப் பனி வெள்ளையாக இருக்கும், அங்கே மூடுபனி கரிப்புகை கலந்து மஞ்சளாக நாற்றமடித்ததாம். இத்தனையும் கேட்டுவிட்டு முதலாளி, "ஆனாலும் அது உங்க சொந்த ஊருதானுங்களே, ஏனுங்க வந்துட்டீங்க?" என்று நேராகவே கேட்டுவிட்டார். அங்கே யாரும் தன்னை ஒரு குறையும் சொல்லவில்லை, எல்லோரும் நல்லவர்கள் என்றார் வின்னியம்மா. கையிலிருந்த விசிறியை மடித்தார். "மளிகைக்காரர், தபால்காரர், பாதிரியார் எல்லாரும், 'உங்க இங்கிலீஷ் ரொம்ப நல்லா இருக்கு, எங்கே கத்துக்கிட்டீங்க'ன்னு பாராட்டினாங்க, முதலாளி."

நாற்காலி

அதன்பிறகு அவர் போவதைப் பற்றிப் பேசவே இல்லை. கொண்டப்பநாயக்கன்பட்டியிலேயே வேறு ஒரு வீடு கிடைத்தது. சீமைச் சாமான் வருவது குறைந்து, பிறகு நின்றே போயிற்று. பெட்டிகள் வராததால் காகிதமும் வரவில்லை. அங்கே இப்போது என்ன நடக்கிறது என்று எங்கள் இருவருக்கும் தெரியாது, அவர் கேட்கவும் இல்லை. வருடா வருடம் குல்லா பின்னினார். கிளம்பும்போது திருத்த வேண்டிய அவசியமில்லாமல் வாரேன் என்றே சொன்னார்.

நான் முதலில் சொன்னேனே, அந்தக் காலையிலும் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போனார். அந்த வாரமே, தூங்கியவர் எழுந்திருக்கவில்லை என்று அவருக்குச் சமைத்துப்போடும் அம்மாள் வந்து சொன்னாள். அவருடைய கோயில் வேறு, என் கோயில் வேறு. அடக்கத்துக்குப் போய்க் கடைசி வரிசையில் நின்றேன். பக்கத்தில் செங்கோடன், தலையில் குல்லாவோடு. பிரார்த்தனைக்குக் கழற்றுங்கள் என்று யாரோ சொன்னார்கள், கழற்றினார். கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எது மரியாதை என்று தெரியாமல் மறுபடியும் போட்டுக்கொண்டார்.

வின்னியம்மா கடைசியாகக் கடைக்கு வந்த அந்தக் காலையில் முதலாளி வெளியூர் போயிருந்தார். அடக்கம் முடிந்து வந்து மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தார். "அன்னிக்குக் கிளம்பறப்ப என்ன சொன்னாங்க சவரி, போறேன்னா, வாரேன்னா?" என்று கேட்டார். வாரேன் என்றுதான் சொன்னார் என்றேன். நான் நாற்காலியை உள்ளே எடுத்துப் போகக் கை வைத்தேன். முதலாளி தலையை ஆட்டினார். "அப்ப அது அங்கயே இருக்கட்டும்."

முதலாளியும் இப்போது இல்லை. ஆரோக்கியமும் ஆஸ்பத்திரிக்கு வண்டி ஏறும்போது என்னிடம் வாரேன் என்றுதான் சொன்னாள். எந்த பாஷையில் நினைத்துச் சொன்னாள் என்று அவளிடம் நான் கேட்கவில்லை. கடை இருந்த இடத்தில் இப்போது உண்மையாகவே எண்ணெய் விற்கிறார்கள். வின்னியம்மா கடைசியாகக் கொண்டுவந்த குல்லாக்களில் ஒன்றை நான் விற்காமல் எடுத்து வைத்தேன், அது என்னிடம் இருக்கிறது. ஓட்டை இரண்டும் ஒரே அளவு, எந்த டீப்பானைக்கும் பொருந்தாது.